கனத்த றெக்கை

எங்கள் அண்ணன் காரில் அந்தச் சத்தம் வந்தது ஆவணி பிறந்த இரண்டாம் நாள். ஆடி மாதம் முழுக்க கார் எங்கள் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தடியில் நின்றபடியே நின்றது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாத மாதத்தில் எம்.ரெட்டியபட்டியில் வாடகைக் காரைத் தேடி யார் வருவார்கள்? ஷேர் ஆட்டோவே பாதி காலியாகத்தான் போகும்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மல்லாங்கிணறிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு திருச்சுழிக் கோயிலுக்குப் போக வேண்டும். அண்ணன் முந்தின நாளே காரைக் கிளப்பிப் பார்த்தார். முதலில் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் ஓடியதும் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் எழுந்தது. கண்ணாடியில் தொங்கிய முருகன் படம் ஆடியது. பக்கத்து வீட்டு பால்பாண்டி மாமா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏலே மருது, மாவு மில்லு எப்பப் போட்ட?" என்று கேட்டார்.

"ஃபேன் ஓடுது மாமா."

"நல்லா ஓடுது. மாப்பிள்ளை வீட்டுக்கு மேளக்காரன் வேண்டாம்னு சொல்லிரு."

அண்ணன் அப்படியே காரை அருப்புக்கோட்டைக்கு ஓட்டிப் போனார். அங்கே ஒர்க்‌ஷாப்காரர் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழாமலே கேட்டுவிட்டு, ஃபேன் மோட்டார் போய்விட்டது, இப்போதே கழற்றிப் போட்டுவிட்டுப் போ, மதுரையிலிருந்து புது செட் வர மூன்று நாள் ஆகும் என்றாராம். அண்ணன் கழற்ற விடாமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். நாளைக்கு முகூர்த்தம் இருக்கும்போது எப்படி விடுவது என்று அம்மாவிடம் சொன்னார்.

அவர் அதைச் சொல்லும்போது சத்யா மதினி அடுப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் மதினியைப் பார்த்தேன். கழற்றவில்லை என்று கேட்டதும் எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது.

ஏனென்றால் அந்த ஃபேனில் ஒரு குளவிக்கூடு இருந்தது.

ஆடி பதினைந்து வாக்கில் மதினிதான் முதலில் பார்த்தாள். ஒரு குளவி வாயில் ஈர மண்ணோடு காரின் அடிப்பக்கமாய் நுழைவதும் வெறும் வாயோடு வெளியே வருவதுமாய் இருந்தது. அண்ணன் இல்லாத நேரம் பானெட்டைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தோம். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில், ஒரு றெக்கையின் பின்பக்கம், அடியை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு மண் இருந்தது. மதினி பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினாள். "யாருட்டயும் சொல்லாத பாப்பா. காருக்குள்ளன்னா கலைச்சிருவாக" என்றாள்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கட்டிய கூட்டை யாரும் கலைக்க மாட்டார்கள். மதினிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மதுரை ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய் வந்தார்கள். இரண்டு பேருக்கும் குறையில்லை, பொறுத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மதினி காதில் விழும்படி, "நம்ம வெள்ளாடு மூணாவது ஈத்தும் போட்டுருச்சு" என்று ஆட்டிடம் பேசுவதுபோலப் பேசுவாள். ஆறு வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு எந்தக் குளவியும் வரவில்லை. இப்போது வந்தது. வீட்டுக்குள் வராமல் காருக்குள் வந்தது. காரும் வீட்டுக்காரருடையதுதானே என்று மதினி சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆடிக் காற்றில் தரையெல்லாம் வெடித்துக் கிடந்ததால் குளவிக்கு ஈர மண் கிடைக்க வேண்டுமே என்று தினமும் காலையில் வேப்பமரத் தூரில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். அம்மா கேட்டதற்கு மரம் வாடுகிறது என்றாள்.

ஒரு பிடி மண் அவ்வளவு பெரிய சத்தம் போடும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். அண்ணன் தங்கச்செல்வி அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா பஸ் ஸ்டாப் பக்கம் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள். கார் வேலை அவள் வேலை இல்லை. "அதுவும் மோட்டாருதானக்கா, கொஞ்சம் சின்னது" என்று அண்ணன் கெஞ்சினார். "கிணத்துக்குள்ள இறங்காமப் பாக்குற மோட்டாருன்னா வாரேன்" என்று அக்கா சொன்னது போனுக்கு வெளியே கேட்டது.

எக்ஸெல் வண்டியில் வந்து இறங்கினாள். சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு காக்கிப் பை. பத்தாம் வகுப்போடு நான் வீட்டில் நின்றதிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகும்போதெல்லாம் அவள் கடையைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஆண்கள் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா ஒருத்திதான் வேலை பார்த்துக்கொண்டிருப்பாள்.

வந்ததும் பானெட்டைத் திறப்பாள் என்று நினைத்து மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா திறக்கவில்லை. வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்டாள்.

"சத்தம் ஸ்டார்ட் பண்ணினதும் வருதா, பெறகு வருதா?"

"பெறகு."

"ஏசி போட்டா?"

அண்ணன் யோசித்தார். "போட்ட ஒடனே வந்துருதுக்கா."

"ஆக்ஸிலேட்டர் குடுத்தாக் கூடுதா?"

"அது... கூடுற மாதிரி இருக்கு. கூடாத மாதிரியும் இருக்கு."

"பொண்ணு பாக்கப் போயிருந்தாலும் நீங்க இப்படித்தான் பதில் சொல்லிருப்பீக. எப்படித்தான் ஒமக்கு இந்தப் பிள்ளையக் கட்டிக் குடுத்தாகளோ. ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி."

மதினிக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பயத்திலும் வந்தது.

கார் ஓடியது. சத்தம் இல்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு ஏதாவது செய்யாமல் அப்படி நிற்கத் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அண்ணன் இரண்டு தரம், "இப்ப வரும் பாருங்க" என்றார். அக்கா வாயில் விரல் வைத்தாள். பத்தாவது நிமிடம் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கடகடவென்று மொத்த முன்பக்கமும் ஆடியது. பால்பாண்டி மாமாவின் தலை சுவருக்கு மேலே வந்தது. அக்கா பானெட்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டு ஃபேனுக்குப் போகும் ஒயரின் சொருகியை உருவினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் நின்றுவிட்டது.

"எஞ்சின்ல குத்தமில்ல. பெல்ட்டு இல்ல. தண்ணி பம்பு இல்ல. இந்த ஃபேன்தான்" என்றாள். ஒரே ஒரு சொருகியை உருவி மூன்று சந்தேகத்தைக் கழித்துவிட்டாள்.

"அதான் அருப்புக்கோட்டையில மோட்டாரு போச்சுன்னான்" என்றார் அண்ணன்.

"போச்சான்னு மோட்டாரக் கேப்போம்."

சொருகியைத் திரும்ப மாட்டினாள். ஃபேன் சுற்றும்போதே நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரின் முதுகில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அவள் வேறு ஏதோ ஒரு சின்னச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கோழி முட்டையைக் காதில் வைத்து ஆட்டிப் பார்ப்பவர்கள் முகம் அப்படி இருக்கும்.

"பேரிங்கு போயிருந்தா உள்ள மணலை அரைக்கிற மாதிரி கேக்கும். இது பாடுது. மோட்டாரு நல்லாருக்கு. மாத்தச் சொன்னவன் கேக்கல, வாயால சொல்லிட்டான்."

எஞ்சினை அணைக்கச் சொன்னாள். பேட்டரியின் ஒரு முனையையும் கழற்றினாள். "சூடு இருந்தா இது சாவி இல்லாமலே சுத்தும். வெரலைக் காவு கேக்கும்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஃபேனின் நடுவைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள். ஆட்டம் இல்லை. றெக்கை நுனி சுற்றுக் கூண்டில் உரசிய தடம் இருக்கிறதா என்று நகத்தால் தடவினாள். இல்லை. ரேடியேட்டரின் முகத்தில் ஆடிக் காற்று கொண்டுவந்து அப்பிய புழுதியும் கருவேல இலையும் பஞ்சுமாய்க் கிடந்தது. அதைப் பிரஷ்ஷால் தள்ளி எடுத்தாள். நான் மதினியைப் பார்த்தேன். மதினி முற்றத்துக்கே வந்துவிட்டாள். அக்கா ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து எங்கே வந்து நிற்பாள் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அக்கா பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து ஐந்து றெக்கையிலும் ஒன்று, இரண்டு என்று எழுதினாள். ஃபேனைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அது மெல்ல ஓய்ந்து நின்றது. கீழே மூன்று. மறுபடி சுற்றினாள். கீழே மூன்று. மூன்றாம் றெக்கையைக் கையாலேயே உச்சிக்குக் கொண்டுபோய், விரலை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோலச் சரிந்து சரிந்து கீழே வந்தது.

"இது ஏன் இங்கயே வருது?" என்றார் அண்ணன். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கனம் இருக்குற பக்கம்தான இறங்கும். ஒண்ணு எதுக்க இருக்குற றெக்கை உடைஞ்சிருக்கணும். இல்லாட்டி மூணுல ஏதோ சொமை இருக்கணும்." ஐந்தையும் எண்ணினாள். "ஒண்ணும் உடையல."

மூன்றாவது றெக்கைக்குப் பின்னால் கையை விட்டாள்.

அக்காவின் கை அங்கேயே நின்றது. முகம் மாறவில்லை. தலையை மட்டும் திருப்பினாள். மதினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அக்கா மதினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேப்பமரத் தூரில் ஈரமாக இருந்த இடத்தைப் பார்த்தாள். காய்ந்த ஊரில் அந்த ஒரு இடம்தான் ஈரம். அவ்வளவுதான். வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கையை வெளியே எடுத்து, ஃபேன் மாட்டியிருந்த போல்ட் ஒன்றை அசைத்துக் காட்டினாள்.

"தம்பி, இங்க வாங்க. இந்த ரப்பர் வாசர் நைஞ்சு போச்சு, பாத்தீகளா? நாலு வேணும். பஸ் ஸ்டாப்புல சின்னத்துரை கடையில இருக்கும்."

வாசர் நைந்திருந்தது உண்மைதான். அண்ணன் பைக் சாவியை எடுத்தார். ஆனால் போகாமல் நின்றார். "நான் வர்ற வரைக்கும் எதையும் கழட்டிராதீக அக்கா."

"போயிட்டு வாங்க" என்றாள் அக்கா.

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அக்கா சுவருக்கு மேலே இருந்த பால்பாண்டி மாமாவைப் பார்த்து, "மாமா, இனிமே சத்தம் வராது. போய்ப் படுங்க" என்றாள். தலை இறங்கியது.

"எத்தனை நாளாச்சு?" என்று மதினியிடம் கேட்டாள்.

"இருவது நாளு இருக்கும். அக்கா, கலைச்சிராதீக. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். காரு இல்லாட்டிப் போகட்டும். அவுகட்ட நான் சொல்லிக்கிறேன். மல்லாங்கிணத்துக்காரவுக வேற காரு பிடிச்சுக்கிடட்டும்."

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அக்கா சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். அக்கா சொல்லவில்லை. மதினி கையைப் பிடித்து இழுத்து வந்து, றெக்கைக்குப் பின்னால் அவளுடைய விரலையே வைக்கச் செய்தாள்.

"தடவிப் பாரு. ஓட்டை இருக்கா?"

"இல்ல."

"மூடிருச்சு. மூடிட்டா தாய்க்குளவி திரும்பி வராது. உள்ள இருக்குறதுக்கு வேண்டிய இரையெல்லாம் வச்சுத்தான் மூடும். இந்த ஓரம் பாரு, உதிந்திருக்கா? காலையிலயும் இப்பவும் ஃபேன் ஓடுனதுல உதிந்தது. நீ காப்பாத்துறன்னு நெனைக்கிற. உள்ள இருக்குறதும் பிள்ளைதான சத்யா. அதைக் கொண்டுபோய் ராட்டினத்துல கட்டி, சூட்டுல சுத்த விட்டா அது எப்படிப் பொழைக்கும்?"

மதினி விரலை எடுக்காமல் நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. பிறகு, "எடுத்துருங்கக்கா. ஆனா உடையாம எடுங்க" என்றாள்.

"உடையாமத்தான எடுக்கணும். இல்லாட்டி அந்தத் தம்பிய எதுக்கு வெரட்டுனேன்?"

அதற்குப் பிறகு அக்கா செய்ததை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். நான்கு போல்ட்டைக் கழற்றி, ரப்பர் குழாயை ஒதுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஃபேனைக் கூண்டோடு மேலே தூக்கினாள். ஒரு பக்கம் மதினி பிடித்துக்கொண்டாள். சாக்கை விரித்து அதில் கவிழ்த்து வைத்தார்கள். கூடு வெளிச்சத்துக்கு வந்தது. விரல் விரலாக மூன்று அறை, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அக்கா ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, கூட்டின் மேல் படாமல் அடியில் மட்டும் சுற்றி வைத்தாள். "முழுசா நனைஞ்சாக் கரைஞ்சிரும். அடி மட்டும் ஊறணும்" என்றாள். ஊறும்வரை மறுபடி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாள்.

பிறகு பையிலிருந்து காயில் கட்டும் நூலை எடுத்தாள். மெழுகு பூசிய கெட்டி நூல். ஒரு முழம் வெட்டி, இரண்டு முனையையும் இரண்டு கையில் சுற்றி, கூட்டுக்கும் றெக்கைக்கும் நடுவில் வைத்து இழுத்தாள். ரம்பம் இழுப்பதுபோல இல்லை. அதைவிட மெதுவாக, தூங்குகிற குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவதுபோல இழுத்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஈர மண் நூலோடு பிசிறாக வந்தது. அவள் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. துடைக்கவில்லை. என் முந்தானையால் துடைத்துவிடலாமா என்று நினைத்தேன், கை எழவில்லை. கடைசி இழுப்பில் கூடு முழுசாக அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

கிணற்று மோட்டாரைக் கயிறு கட்டித் தூக்கும் கை அது. மூன்று அறையிலும் ஒரு கீறல்கூட விழவில்லை.

"எங்க வைக்க?" என்று மதினியிடம் கேட்டாள். அவள் இடம் சொல்லவில்லை, மதினியைச் சொல்ல வைத்தாள்.

மதினி தங்கள் அறை ஜன்னலின் உள்பக்க மூலையைக் காட்டினாள். வேப்பமரத் தூரிலிருந்து ஈர மண் எடுத்து அடியில் பூசி, அக்கா கூட்டை அங்கே பதித்தாள். ஜன்னலில் அடித்திருந்த கொசு வலையை ஓரத்தில் நாலு விரல் அகலம் கிழித்துவிட்டாள். "வெளிய போக வழி வேணும்ல."

அண்ணன் வாசரோடு வந்தபோது ஃபேன் பழைய இடத்தில் நின்றது. றெக்கையைத் துடைத்துவிட்டிருந்தோம். அக்கா வாசரைப் போட்டு, போல்ட்டை முறுக்கி, சாக்பீஸ் எண் வைத்து மறுபடி கையால் சுற்றினாள். ஒரு தரம் ஐந்தில் நின்றது. ஒரு தரம் இரண்டில். அடுத்த தரம் ஒன்றில்.

"இனி எங்க வேணாலும் நிக்கும்" என்றாள்.

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து ஏசி போட்டார்கள். ஃபேன் சுற்றியது. சேலை விசிறுகிற சத்தம்தான். முருகன் படம் ஆடவில்லை. அண்ணன் சிரித்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். "பொறுங்க, சூடு இருக்கு" என்று அக்கா பேட்டரி முனையைக் கழற்றுவதற்குள், அவர் கை நேராக மூன்றாவது றெக்கைக்குப் பின்னால் போனது. தேடாமல், தடவாமல், நேராக அங்கேயே போனது.

வெறும் றெக்கை.

அண்ணன் முகம் செத்துப்போனது. அக்காவைப் பார்த்தார். "எங்கக்கா அது?" என்றார்.

மதினி ஓர் அடி முன்னால் வந்தாள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"நீ தண்ணி ஊத்துறதப் பாத்தேன். எதுக்குன்னு ஒரு நா திறந்து பாத்தேன்" என்றார் அண்ணன். "எனக்குத் தெரிஞ்சதா நான் காட்டிக்கிடல. அருப்புக்கோட்டையில கழட்டுறேன்னான். அதான் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."

இருபது நாளாய் ஒரே கூட்டை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் காவல் காத்திருக்கிறார்கள். காரை அவர் கழுவாமல் இருந்ததும் அதனால்தான். நான் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

அக்கா ஸ்க்ரூடிரைவரால் ஜன்னலைக் காட்டினாள். அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். மதினி பின்னாலேயே போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அக்கா சாமான்களைத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். நூலின் மிச்சத்தைச் சுருட்டி என்னிடம் நீட்டி, "வச்சுக்க தாயி, பூக் கட்ட ஆகும்" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் எக்ஸெலை மிதித்துக் கிளப்பிப் போய்விட்டாள்.

மறுநாள் விடியும் முன் கார் மல்லாங்கிணறுக்குப் போனது. தெருமுனை திரும்பும்வரை மதினியும் நானும் காது கொடுத்து நின்றோம். டயர் மண்ணில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

எட்டு நாள் கழித்து ஒரு காலையில் கூட்டில் ஒரு ஓட்டை இருந்தது. மறுநாள் இன்னொன்று. அன்று அக்கா யாரோ வீட்டு மோட்டாரைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனாள். வண்டியை நிறுத்தவில்லை. வாசலில் நின்ற மதினியைப் பார்த்து, எத்தனை என்று கையை மட்டும் திருப்பிக் காட்டிக் கேட்டாள். மதினி இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு உள்ளங்கையை விரித்து, பொறு, இன்னும் ஒன்று இருக்கிறது என்று காட்டினாள்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.